கன்னட வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு



சென்ற மாதச் செயற்குழுவில் நான் ஒரு யோசனை சொன்னேன். சனிக்கிழமை மாலையில் நம் கட்டடத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறதல்லவா, அது முடிந்ததும் அதே அறையில், அதே கரும்பலகையில், பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்றேன். சிலருக்கு மனத்தாங்கல் வரும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் என்னோடு ஒரே ஷிப்டில், ஒரே கேஜில் கீழே இறங்கி ஏறிய நண்பர் எழுந்து, "இன்னாபா, நீயும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டியா?" என்று கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது, தங்கவயல் தமிழர்களாகிய நாம் எங்கே நிற்கிறோம் என்று யோசித்ததில் தோன்றியதை எழுதுகிறேன். மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.

2016 செப்டம்பரில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். குடியாத்தத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். வி.கோட்டை, பேரணாம்பட்டு வழியாக வேனில் போனோம். ஒரே பயணத்தில் மூன்று மாநிலம் பார்க்கிற பாக்கியம் நம் ஊர்க்காரருக்கு மட்டும்தான் உண்டு! அந்த வாரம் காவிரிக் கலவரம் மூண்டது. 12-ஆம் தேதி பெங்களூரில் தமிழகத்து நிறுவனம் ஒன்றின் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கொளுத்தினார்கள். இந்தப் பக்கம் ராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட சுற்றுலா வண்டிகளை அடித்தார்கள். எங்கள் வேனில் இருந்த எண் கே.ஏ. 08. நம் தங்கவயல் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்த எண். மண்டபத்து வாசலில் நாலைந்து பையன்கள் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். எங்கள் மாமா ஓடி வந்து, "இவங்க நம்ம ஆளுங்கதாம்பா, கோலார்ல இருந்து வந்திருக்காங்க" என்றார். ஒரு பையன் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "நம்பர் பிளேட் அப்படிச் சொல்லலியே பெரியவரே!" மாமா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நம்பர் பிளேட்டின் மேல் தொங்கவிட்டார். பையன்கள் போய்விட்டார்கள், கெட்ட பையன்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே நாள் சாயங்காலம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனுக்குப் போன் செய்தேன். எடுத்தவன் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இரவு பத்து மணிக்கு அவனே கூப்பிட்டான். "அப்பா, நான் பஸ்ல இருந்தேன். தமிழ்ல பேச முடியாது, அதான்" என்றான். தகப்பன் நம்பர் பிளேட்டை மறைக்கிறான், மகன் நாக்கை மறைக்கிறான். "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்ட நண்பருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: இரண்டு பக்கத்துக்காரர்களும் நம்மை அந்தப் பக்கத்துக்காரன் என்றுதான் எண்ணுகிறார்கள்.

காவிரி என்று சொன்னாலே நம்மில் பலருக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும். ஆனால் கோலார் மாவட்டத்துக்குக் காவிரி ஓடி வருவதில்லை. அந்த ஆற்றோடு நமக்குள்ள உறவு தண்ணீர் உறவு அல்ல, விளக்கு உறவு. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியின் வேகத்தில் சுழன்ற இயந்திரங்கள், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பின. பெங்களூரில் மின்விளக்கு எரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பாட்டன்மார் இறங்கிய சாஃப்டின் கேஜை இழுத்ததும், காற்றை உள்ளே தள்ளியதும், பாறையை இடித்ததும் காவிரிதான்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரம் குறையும். சுரங்கக் கம்பெனிக்கோ இரவு பகல் ஓயாமல் மின்சாரம் வேண்டும். விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் அணை கட்டத் திட்டம் தீட்டியபோது பாசனத்தோடு சேர்த்துச் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, கோலார் தங்கச் சுரங்கங்களுக்குத் தடையில்லாத மின்சாரம் என்பது. 1911-ல் வேலை ஆரம்பமானது. சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. நீண்ட வழக்குக்குப் பின் 1924-ல் ஒப்பந்தம் ஆனது. ஐம்பது ஆண்டு கழித்து 1974-ல் அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் மீண்டும் தகராறு. அதாவது, தஞ்சாவூர் உழவனும் மண்டியா உழவனும் எந்த அணையை முன்வைத்து அடித்துக்கொள்கிறார்களோ, அந்த அணை எழும்பியதில் நம் பாட்டன் தோண்டிய சுரங்கத்துக்கும் பங்கு உண்டு. இதில் நாம் எந்தப் பக்கம்?

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து நம் வழியாக ஓடி, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. மைசூரும் சென்னை மாகாணமும் 1892-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் காவிரியோடு பாலாறும் சேர்ந்தே இருக்கிறது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது பேத்தமங்கலம் ஏரி. அதில் தேங்கியது பாலாற்றுத் தண்ணீர். வேலூர்ப் பக்கத்து உறவினர்கள், "மேலே இருக்கறவங்க தண்ணிய உடமாட்டேன்றாங்க" என்று புலம்பும்போது நாமும் கூடச் சேர்ந்து "ஆமாம்" என்கிறோமே, அந்த மேலே இருக்கிறவர்கள் யார்? காவிரியில் கீழ்க்கரைக்காரனாகப் பேசுகிற நாம் பாலாற்றில் மேல்கரைக்காரர்கள். தாகம் எடுத்தபோது குடித்தோம், அவ்வளவுதான். மண்டியாக்காரனும் இதைத்தானே சொல்கிறான்?

தமிழக விவசாயியின் உரிமை பொய் என்று நான் சொல்லவில்லை. நடுவர் மன்றம் 1991 ஜூனில் 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு கொடுத்தது; 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று முடிவு சொன்னது. சட்டம் சொன்னதைக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கை அடைப்பதற்கு நம் பிள்ளைகளின் முதுகு எதற்கு?

1991 டிசம்பரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியான மறுநாளே பெங்களூரிலும் மைசூர்ப் பக்கமும் தமிழர் குடிசைகள் எரிந்தன. இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கிலேயே பதினைந்துக்கு மேல். ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். என் தங்கையும் இரண்டு குழந்தைகளும் ஒரு குக்கரையும் ஒரு துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவள் தப்பித்த விதம் இது: பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் இவர்களை உள்ளே தள்ளி, வெளியே தன் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டு, வந்தவர்களிடம், "அவங்க நேத்தே ஓடிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். விடியற்காலையில் தானே ஸ்டேஷன் வரை கூட வந்து ரயிலேற்றிவிட்டாள்.

இதை நாம் அடிக்கடி பேசுகிறோம். பேசாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று மாலை நம் ஊரில் என்ன நடந்தது? இங்கே நாம் பெரும்பான்மை. எங்கள் லைனுக்கு அடுத்த தெருவில் கன்னட வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. அவனுக்கு அ, ஆ, இ, ஈ கன்னடத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். எங்கள் லைன் பையன்கள் அவர் வீட்டின் மேல் கல் விட்டார்கள். ஓடு உடைகிற சத்தம் கேட்டது. நான் என் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை உள்ளே உட்கார்ந்து பூட்டுப் போட்ட அம்மாளின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது என் காதில் விழுகிறது. நான் வாசலில் நிற்கிறேன். ஒரு வார்த்தை, "டேய், போங்கடா" என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்த பையன்கள். நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாத்தியார் வீட்டம்மாள் ஓட்டுச் சில்லுகளைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். அவர்கள் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை. அடுத்த ஜூனில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெங்களூரில் நம்மை அடித்தவர்களுக்கும் இங்கே நாம் செய்ததற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கல் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

என் தம்பி மகன் நைஜீரியாவில் லாகோஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தான். லாகோஸ் யொருபா மக்களின் பூமி. கிழக்கிலிருந்து வந்த இக்போ மக்கள் அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்து, வீடு கட்டி வாழ்கிறார்கள். 1966-ல் வடக்கே இக்போ மக்களைக் கொன்று குவித்ததும், அதையடுத்து 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா போர் நடந்ததும் நம்மில் சிலர் அந்நாள் பத்திரிகைகளில் படித்ததுதான். 2023 பிப்ரவரியில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், லாகோஸிலேயே அந்த ஊர்த் தலைவர் டினுபுவைவிட இக்போ வேட்பாளர் ஓபிக்கு அதிக ஓட்டு விழுந்துவிட்டது. அடுத்த மாதம் மாநிலத் தேர்தல் வந்தபோது, இக்போ முகமாகத் தெரிந்தவர்களைச் சாவடி வாசலிலேயே மிரட்டினார்கள். "யார் ஊர் இது?" என்பதுதான் சண்டை. "பெரியப்பா, நம்ம ஊர் பேச்சு மாதிரியே இருக்கு, மொழிதான் வேற" என்றான் அவன்.

நம் ஊர் ஓட்டுக் கதையும் தெரிந்ததே. 1983, 1989, 1999 தேர்தல்களில் தங்கவயல் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளரைக் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இரட்டை இலைக்கு ஓட்டுப் போட்டபோது எம்.ஜி.ஆர். படத்துக்கு முதல் நாள் டிக்கெட் கிடைத்த சந்தோஷம் எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் சுரங்கம் நஷ்டம் நஷ்டம் என்று சுருங்கிக்கொண்டே வந்தது. சென்னையில் இருக்கிற கட்சிக்கு மாரிக்குப்பம் சாஃப்ட் என்ன கவலை? பெங்களூரில் இருக்கிற அரசுக்கோ, நமக்கு ஓட்டுப் போடாத ஊர்.

2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமாரைக் காஜனூரிலிருந்து வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். 108 நாள். அந்த 108 நாளும் நாம் பெங்களூர் ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனோம். தமிழை இரண்டாம் ஆட்சிமொழியாக்கு, வள்ளுவர் சிலையைத் திற என்றெல்லாம் காட்டுக்குள்ளிருந்து நமக்காகக் கோரிக்கை வந்தது. நம்மை யாராவது கேட்டார்களா? அதே வருடம்தான் சுரங்கத்தை மூடிவிடலாம் என்ற முடிவும் டெல்லிக் காகிதங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தின் வேலை நின்றது. 120 வருடம், 800 டன்னுக்கு மேல் தங்கம், 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம். எல்லாம் ஒரு சங்குச் சத்தத்தோடு முடிந்தது. அதற்காக எந்த ஊரிலும் ஒரு பஸ்ஸும் எரியவில்லை. எரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மொழிக்காக மறியல் செய்ய இரண்டு மாநிலத்திலும் ஆள் இருக்கிறது, நம் வயிற்றுக்காக மறியல் செய்ய ஒருவரும் வரவில்லை என்கிறேன்.

ஒரு காலத்தில் நாம் அப்படி இல்லை. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் நம் ஆட்கள். 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் விழுந்தார்கள். அவர்கள் கேட்டது கூலியும் மரியாதையும்தான். தமிழ் உணர்வும் நமக்கு எந்தக் கட்சியும் லாரியில் ஏற்றி அனுப்பியதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழைக் காத்திருந்து படித்த ஊர் இது. அவர் எழுத்துக்களை நூல்களாக அச்சிட்டது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. "தமிழன்" இதழே பின்னாளில் அப்பாதுரையார் கையால் இங்கிருந்து வெளிவந்தது. நம் தாத்தாக்கள் வட ஆற்காட்டையும் சேலத்தையும் விட்டு வந்ததற்குப் பஞ்சம் மட்டும் காரணமல்ல. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்களும் தமிழர்கள்தான். "நாமெல்லாம் தமிழர்" என்று இன்று மேடையில் முழங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வார்த்தையை நம்மவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே, கல்லுக்கும் பசிக்கும் நடுவில், தங்களுக்கென்று உழைத்துச் சம்பாதித்துக்கொண்டார்கள் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பட விழாவில் கமல்ஹாசன், தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்ற பொருளில் பேசினார். எதிரே ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமார் உட்கார்ந்திருந்தார். அன்பாகச் சொன்ன பேச்சுத்தான். ஆனால் கர்நாடகத்தில் கொதித்தார்கள். ஜூன் 5-ல் வெளியான "தக் லைஃப்" இங்கே திரைக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் சங்கத்திலும் கண்டனத் தீர்மானம் போட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் வந்தார்கள். படத்தைத் தடுத்தது தவறு என்று தீர்மானம் போடலாம், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கமல் சொன்னது சரி என்று போட வேண்டும் என்றால் முடியாது என்றேன். ஏனென்றால் அது சரியில்லை.

மொழியறிஞர்கள் சொல்வது, தமிழும் கன்னடமும் ஒரு பொதுவான பழைய திராவிட மொழியிலிருந்து கிளைத்த சகோதரிகள் என்பது. நமக்கு அறிஞர் தேவையில்லை, நம் காதே போதும். நாம் பால் என்பதை அவர்கள் ஹாலு என்கிறார்கள். பல் ஹல்லு ஆகிறது. பூ ஹூ ஆகிறது. இங்கே தமிழ் பழைய பகரத்தைக் காப்பாற்றியிருக்கிறது, கன்னடம் மாற்றிவிட்டது. நம்மவர்கள் இதைச் சொல்லி மார் தட்டுவார்கள். அடுத்ததைச் சொல்லமாட்டார்கள். நாம் செவி என்பதைக் கன்னடத்தில் கிவி என்பார்கள். நாம் சேரி என்பதை அவர்கள் கேரி என்பார்கள். இங்கே பழைய ககரத்தை வைத்திருப்பது கன்னடம், மாற்றிக்கொண்டது தமிழ். தாயிடம் இல்லாத பாட்டி நகை மகளிடம் மட்டும் எப்படி வரும்? பாட்டி இரண்டு பேத்திகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்! அதிலும் சேரியில் பிறந்த எனக்கு, கன்னடத்தில் கேரி என்றால் வெறும் தெரு என்று தெரிந்தபோது ஏற்பட்ட உணர்ச்சியை என்னவென்று சொல்வது?

கன்னட அமைப்புகள் யோக்கியம் என்று நான் எழுதவில்லை. நவம்பர் முதல் தேதி கொடியேற்றிவிட்டு, நம் கடைப் பலகையில் தார் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் வைத்த வள்ளுவர் பதினெட்டு வருடம் முகம் மூடி நின்றார். 2009 ஆகஸ்டில் கருணாநிதியும் எடியூரப்பாவும் பேசி முடித்து, அங்கே வள்ளுவரையும் நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞரையும் திறந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை! அப்படியானால் பதினெட்டு வருடம் எதற்காக? அது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டில் ஒன்றாவது நம்மில் யாருக்குத் தெரியும் என்பது நம்முடைய கேள்வி. கன்னடம் தன் ஊரிலேயே சிறுத்துவிடுமோ என்று அவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பயத்தைப் பகையாக மாற்றி ஓட்டாக்குகிறவர்களை விட்டுவிடுங்கள். பயம் மட்டும் உண்மை. நாலு தலைமுறை இந்த மண்ணில் இருந்துவிட்டு பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் நிற்கிற நம்மைப் பார்த்தால் அது கூடத்தான் செய்யும்.

"வயசான காலத்துல எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு என் அண்ணி கதையைச் சொல்லி முடிக்கிறேன். அண்ணன் நுரையீரல் கெட்டு இறந்தவர்; கீழே வேலை பார்த்த நம்மில் பலருடைய முடிவு அது. 2003-ல் ஒருவர் வந்து, வீட்டுக் கரண்டு மீட்டரை அண்ணி பெயருக்கு மாற்ற வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு கன்னடக் காகிதத்தை நீட்டினார். அண்ணி தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வீட்டில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்பது. எங்கள் லைனில் அன்றைக்கு நான்கு கட்சிக் கொடிக்கம்பம் இருந்தது. அந்தக் காகிதத்தைப் படிக்க ஒரு ஆள் இல்லை. என் மகனிடம் கொடுத்துப் பார்த்தோம். அவன் எஸ்.எஸ்.எல்.சி.யில் கன்னடத்தில் மட்டும் இரண்டு தடவை தோற்றவன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் இரண்டு வரி படித்தான். பிறகு, "அந்த வாத்தியார் போனப்புறம் யாரும் ஒழுங்கா சொல்லித்தரலப்பா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அந்த மாலை நினைவில்லை, எனக்கு இருந்தது. பின்னர் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகுதான் பேச்சுக் கன்னடமே அவனுக்கு ஒழுங்காக வந்தது. அண்ணி வழக்குப் போட்டு, ஆறு வருடம் அலைந்து, வீட்டில் பாதியைத்தான் மீட்டார்.

இன்றைக்கும் விடிவதற்கு முன் மாரிக்குப்பம் ரயிலில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்குப் போகிறார்கள். சயனைட் மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் மாநில அரசு இசைவு தந்திருக்கிறது, பதின்மூன்று மேடுகள். நாளைக்கு வேலை அறிவிப்பு வந்தால் கன்னடத்தில் வரும். குடியிருப்பை ஒட்டி மண் எடுப்பதற்கு ஆட்சேபம் கேட்டு நோட்டீஸ் ஒட்டினால் அதுவும் கன்னடத்தில்தான் ஒட்டுவார்கள். தமிழில் ஒட்டச் சொல்லிப் போராடலாம், நானும் வருகிறேன். ஆனால் ஆட்சேபத்துக்குக் கொடுக்கிற தவணை முப்பது நாளோ நாற்பது நாளோதான் இருக்கும்.

செயற்குழு கடைசியில் அரைமனதாக ஒரு முடிவு சொல்லியிருக்கிறது: ஐந்து பேர் பெயர் கொடுத்தால் வகுப்பை நடத்திக்கொள்ளலாம், சங்கப் பணம் செலவு செய்யக்கூடாது. ராபர்ட்சன்பேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காப்பி மட்டும் கொடுத்தால் போதுமாம். சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பலகையும் சாக்பீசும் சங்கத்தில் இருக்கின்றன. ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். இதுவரை பட்டியலில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று என்னுடையது. மற்றொன்று என் அண்ணியுடையது. அவருக்கு எழுபத்தாறு வயது.